நான்காம் மாடியும் மரணப் பள்ளத்தாக்கும்

(வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. லிப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடியில் வசிக்கும் ரவீந்திரன் காலை நடையை முடித்துக்கொண்டு வருகிறார். நான்காம் மாடிக்காரரான சிவபாதம், முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு லிப்ட் கதவையே பார்த்தபடி நிற்கிறார்.)

ரவீந்திரன்: பழுது பார்ப்பவர் மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவாராம், அண்ணை. படியால் ஏறுவோமே. அமெரிக்கப் பாலைவனத்தையே சுற்றிப் பார்த்து வந்தவருக்கு நான்கு மாடி ஒரு பொருட்டா?

சிவபாதம்: சுற்றிப் பார்த்தேன் என்றுதான் சொன்னேன், தம்பி; நடந்து பார்த்தேன் என்று எவரிடமும் சொல்லவில்லை. கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்கா ஏறத்தாழ 13,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. நம்முடைய வட மாகாணத்தை முழுவதுமாகத் தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அதை நடந்து பார்க்க முனிவராகப் பிறந்திருக்க வேண்டும்.

(ஏறத் தொடங்குகிறார்கள்.)

ரவீந்திரன்: பெயரே மரணப் பள்ளத்தாக்கு. அக்கா எப்படிச் சம்மதித்தார்?

சிவபாதம்: பெயரைச் சொன்னால்தானே! உப்பளம் பார்க்கப் போகிறோம் என்றேன். ஆனையிறவு மாதிரி ஓரிடம் என்று நம்பி, புளிச்சாதம் கட்டிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். மகனுடைய வீட்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு, பூங்காவின் வாயிற்பலகையை அவளே எழுத்துக் கூட்டி வாசித்தாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் எவருடனும் பேசவில்லை.

ரவீந்திரன்: உப்பு இருந்ததா, இல்லையா?

சிவபாதம்: பொய் சொல்வேனா? பாட்வாட்டர் என்ற இடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் உப்புத்தான். வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த நிலம் அது. கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. எதிரே உள்ள செங்குத்தான பாறையில், கடல் மட்டம் இதுதான் என்று ஒரு பலகையை உயரத்தில் பொருத்தியிருக்கிறார்கள். கழுத்து நோக அண்ணாந்து பார்த்தேன். நில அளவைக்கு வந்த ஒருவருடைய கோவேறு கழுதை அங்குள்ள குட்டையில் தண்ணீர் குடிக்க மறுத்ததால்தான், கெட்ட தண்ணீர் என்ற பொருளில் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். உங்கள் அக்கா தரையிலிருந்த உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கழுதைக்கு இருந்த விவேகத்தைப் பற்றி என் மனத்தில் தோன்றியதை நான் வெளியே சொல்லவில்லை.

(முதலாம் மாடி. சிவபாதம் நின்று, பையைக் கீழே வைத்து, சன்னல் வழியாகப் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கிறார்.)

ரவீந்திரன்: ஏன் நின்றுவிட்டீர்கள்?

சிவபாதம்: இது காட்சி முனை. அங்கே வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பதற்கென்றே இடங்கள் அமைத்திருக்கிறார்கள். டான்டேஸ் வியூ என்ற இடத்தில் மலையுச்சிவரை கார் போகிறது. 1,669 மீட்டர், நுவரெலியாவை விடச் சற்றே குறைவு. கதவைத் திறந்து இரண்டு அடி வைத்தால், பாட்வாட்டரின் வெள்ளை உப்பு முழுவதும் காலடியில் தெரிகிறது. மூச்சு வாங்கியவர்கள் எவரும் இல்லை.

ரவீந்திரன்: நடைபாதைகளே இல்லையா?

சிவபாதம்: ஏன் இல்லை? நாங்கள் போனது மாசி மாதம்; இதமான வெயில். மகனும் கூப்பிட்டான். ஆனால் காலை பத்து மணிக்குப் பிறகு தாழ்வான பகுதிகளில் நடக்க வேண்டாம் என்று பூங்காவினரே அறிவுறுத்துகிறார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து மணி ஐந்து நிமிடம்.

ரவீந்திரன்: அது கோடை காலத்துக்கு உரிய அறிவுரை, அண்ணை. 1913 ஆம் ஆண்டு ஜூலை 10 ஆம் தேதி 56.7 பாகை செல்சியஸ் பதிவான இடம் என்று நானும் வாசித்திருக்கிறேன்.

சிவபாதம்: பெரியவர்கள் சொன்ன புத்திமதியை நான் மாதம் பார்த்துக் கேட்பதில்லை.

(இரண்டாம் மாடி. மீண்டும் நிற்கிறார்.)

ரவீந்திரன்: இதுவும் காட்சி முனையா?

சிவபாதம்: இங்கே ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல வேண்டும். ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் பாறைகள் தாமாகவே நகர்ந்து, சேற்றில் நீளமான தடங்களை விட்டுச் செல்கின்றன. கரடுமுரடான பாதை, டயர் கிழிந்துவிடும் என்று மகன் அங்கே போக மறுத்துவிட்டான்; படத்தைத்தான் பார்த்தேன்.

ரவீந்திரன்: ஆகவே, அந்தப் பூங்காவில் கற்கள் நடந்திருக்கின்றன, நீங்கள்தான் நடக்கவில்லை.

சிவபாதம்: அவசரப்படாதீர்கள். அந்தக் கற்கள் எப்படி நகர்கின்றன என்பதை ஆய்வாளர்கள் நேரில் கண்டு, 2014 இல் வெளியிட்டார்கள். படுகையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, இரவுக் குளிரில் மெல்லிய பனிக்கட்டித் தகடாக உறைகிறது. காலை வெயிலில் அது உடைந்ததும், இலேசான காற்று அந்தத் தகடுகளைத் தள்ள, தகடுகள் கல்லைத் தள்ளுகின்றன. அதாவது, பாலைவனத்துக் கல்கூடச் சொந்த முயற்சியால் ஓர் அங்குலமும் அசைவதில்லை. எவராவது தள்ளிக்கொண்டு போனால்தான் போகிறது. நான் அந்த மண்ணின் வழக்கத்துக்கு மாறாக நடக்கலாமா?

ரவீந்திரன்: மணல் மேட்டிலாவது கால் வைத்தீர்களா?

சிவபாதம்: வைத்தேன். மெஸ்கீட் மணல்மேடுகள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். நாற்பது அடி நடந்து, உட்கார்ந்து, புளிச்சாதம் சாப்பிட்டேன். திரும்பியதும் சப்பாத்தை உதறிவிட்டு ஏறும்படி மகன் சொன்னான். அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்துவரச் சட்டம் இடம் தராதாம். உங்கள் அக்கா சேலை மடிப்பை இரண்டு முறை உதறிக் காட்டினாள்.

(மூன்றாம் மாடி. சிவபாதம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ரவீந்திரனின் வீட்டுக் கதவை அன்போடு நோக்குகிறார்.)

ரவீந்திரன்: இன்னும் ஒரே ஒரு மாடிதான், அண்ணை. பையை நான் கொண்டுவருகிறேன்.

சிவபாதம்: தம்பி, அந்தப் பூங்காவுக்குள் எரிபொருள் கிடைப்பது பர்னஸ் கிரீக், ஸ்டோவ்பைப் வெல்ஸ், பனமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில் மட்டுந்தான். தாங்கியில் பாதி இருந்தாலும், நிலையத்தைக் கண்டால் நிறுத்தி நிரப்பாமல் என் மகன் தாண்டிப் போனதே இல்லை.

(அழைப்பு மணியை அழுத்துகிறார்.)

சிவபாதம்: எனக்குப் பிளேன்டீ போதும். சீனி ஒரு கரண்டி கூடவாகப் போடச் சொல்லுங்கள். முன்னால் இருப்பது ஏற்றம்.