ஆர்டர் வருவதற்கு முன் விழுந்தவன்

முந்தாநாள் நான் போட்ட படத்தின் கீழ் நடந்த கூத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உணவு விநியோகம் செய்பவர் ஒருவர் மழையில் நனைந்தபடி புளோக்கின் கீழே நிற்கும் படம் அது. "அதுதான் சட்டம் வந்துவிட்டதே, இன்னும் ஏன் ஒப்பாரி?" என்று ஒரு பெரியவர் எழுத, நாற்பது பேர் அதற்கு விருப்பக்குறி இட்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் என் உறவினர்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

சட்டம் வந்தது உண்மை. சிங்கப்பூரின் தளமேடை ஊழியர் சட்டம் 2024 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. செயலிவழி வேலை பெறும் இவரைப் போன்றவர்களைத் தனி வகையினராக அங்கீகரித்து, வேலையிடக் காயத்துக்கு இழப்பீடும் மத்திய சேமநிதி என்ற ஓய்வுக்காலச் சேமிப்பும் சங்கமாகச் சேரும் உரிமையும் தந்ததை நான் குறை சொல்லவில்லை. நான் சொல்வது ஒன்றே ஒன்று: காயத்துக்கான இழப்பீடு, ஆர்டரை ஏற்றுப் புறப்பட்டதிலிருந்து ஒப்படைக்கும் வரைக்கும்தான். அடுத்த ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது.

சென்ற ஆண்டு ஈசூனில், உணவங்காடி நிலையத்தின் பின்புறம், எண்ணெய் படிந்த வடிகால் மூடியில் சைக்கிள் வழுக்கி, உணவு விநியோகம் செய்யும் என் தம்பி விழுந்தான். முழங்கால் சில்லில் விரிசல். அந்த நேரத்தில் கைப்பேசியில் ஆர்டர் எதுவும் இல்லை. "ஆர்டர ஏத்துக்கிட்டு விழுந்திருக்கணும்க்கா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தில் எனக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள். அவன் ஆறு வாரம் படுத்திருந்தான், ஒரு வெள்ளி வரவில்லை. காத்திருப்பது வேலையில்லை என்றால், அந்த வடிகால் மூடிமேல் அவன் காற்று வாங்கவா நின்றான்?

"விரும்பித்தானே வந்தார்கள்" என்பவர்களுக்கு: ஆமாம், விரும்பித்தான். பேருந்து ஓட்டுநரும் விரும்பித்தான் வருகிறார், அதற்காக நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தை யாரும் கழிப்பதில்லை. சேமநிதியில் சேராதது அவன் தவறு என்கிறார் என் சித்தப்பா. அவனைப் போல 1995க்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். சேர்ந்தால் கைக்கு வரும் காசு குறையும். சேராதது அவன் முடிவுதான், சித்தப்பா. வீட்டு வாடகையும் அவன் முடிவா?

விலை ஏறுமே என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் கட்டணத்தில் சில காசுகள் கூடியதற்கு நம் குடும்பக் குழுவில் எழுந்த கூச்சலில் பத்தில் ஒரு பங்குகூட, தம்பி கட்டுப்போட்ட காலுடன் அனுப்பிய படத்துக்கு எழவில்லை.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். அவன் விழுந்த அன்றிரவு, மருத்துவமனையிலிருந்து திரும்பிய பசியில் புரோட்டா வரவழைத்தேன். 12 நிமிடம் தாமதம். முகத்தைச் சுளித்துக்கொண்டே கதவைத் திறந்தால், தலைக்கவசத்திலிருந்து நீர் சொட்டச்சொட்ட நின்றவர் என்னிடம் "சாரிம்மா" என்றார்.