விழுமியங்களை வார்டிலிருந்து தொடங்குங்கள்
பணியில் இருக்கும் செவிலியர்கள் மேற்படிப்புக்கு வரும்போது கருணை, நேர்மை போன்ற விழுமியங்களைத் தனிப் பாடமாக நடத்தச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் 2 ஆண்டுப் படிப்புக்கு வருபவர்கள் ஏற்கெனவே டிப்ளமோ முடித்துப் பதிவு பெற்றவர்கள். பலர் வருடக்கணக்கில் நைட் டியூட்டி பார்த்தவர்கள். அவர்களைக் கருணைக்கு இலக்கணம் எழுதச் சொல்லி என்ன பயன்? வார்டில் நடந்ததைப் பேச விடுங்கள். மருந்து மாறிப்போனதை மேலே சொல்லப் பயம் வருவது ஏன்? கூட்டமான வார்டில் திரையை இழுக்காமல் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டால் அந்த நோயாளி அம்மாவுக்கு எப்படி இருக்கும்? அனுபவமே வயது வந்தோருக்கான பாடப்பொருள் என்பது வயது வந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் வற்புறுத்திய கருத்துதான். அப்புறம், ஆசிரியர்களுக்கும் ஒன்று: 35 வயது மாணவியை எல்லார் முன்னாலும் அதட்டிவிட்டு, நோயாளியின் கண்ணியம் பற்றி வகுப்பெடுக்காதீர்கள்.