சிபிலில் தப்பு இருந்தால் வங்கிக் கிளைக்கும் எழுதுங்கள்

ஜூன் 12 மேட்டூர் திறப்பை ஒட்டி குறுவைக் கடன் கேட்டுப் போகும்போதுதான் பலருக்கும் சிபிலில், அதாவது நம் கடன் வரலாற்றைத் திரட்டி வைக்கும் நிறுவனத்தின் அறிக்கையில், கோளாறு இருப்பதே தெரிகிறது. அதைத் திருத்த வங்கிக்கும் சிபிலுக்கும் 30 நாள் அவகாசம் உண்டு, நாற்றங்கால் அதுவரை நிற்காது. ஏப்ரலிலேயே அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என இந்த வேலை செய்யும் நான்கு நிறுவனங்களுமே ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தந்தாக வேண்டும். வீட்டுப் பெண்கள் பெயரில் குழுக்கடன் இருந்தால் கிரிஃப் ஹைமார்க்கை விடாதீர்கள். நுண்கடன் விவரம் திரட்டுவதில் பழைய கை அது.

நம் டெல்டாவில் பெரிய வில்லங்கம் பெயர்தான். ஒரே ஊரில் நாலு எஸ். முருகேசன் இருப்பார்கள். பான் எண் சேர்க்காத பழைய பயிர்க்கடனாக இருந்து, பிறந்த தேதியையும் 01-01 என்று போட்டு வைத்திருந்தால், அடுத்தவர் பாக்கி உங்கள் தலையில் விழும்.

ஆன்லைனில் புகார் போடும்போது எந்தக் கட்டத்தை மறுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடனே உங்களுடையது இல்லையென்றால் 'ஓனர்ஷிப்'பை (கடன் யாருடையது என்பதை) மறுக்க வேண்டும். அங்கே 'பேலன்ஸ்' என்று போட்டால், வங்கி பாக்கித் தொகையை மட்டும் சரிபார்த்து "சரியாகவே உள்ளது" என்று முடித்துவிடும். கட்டி முடித்த கடன் நிலுவையாகத் தெரிந்தால்தான் பேலன்ஸ். ஒரே கடன் இரண்டு எண்ணில் வந்தால் 'டூப்ளிகேட்'.

வங்கி ஒப்புக்கொள்ளாமல் சிபில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது. அதனால் அதே நாளில் கிளை மேலாளருக்கும் மனு கொடுங்கள். கடன் எண், நிலுவையில்லாச் சான்று, கடைசித் தவணை ரசீது, அறிக்கையின் அந்தப் பக்கம், புகார் எண் எல்லாம் இணைத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "சிபில்ல போய்க் கேளுங்க" என்று வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள்.

அந்தத் தேதிக்கு மதிப்பு உண்டு. 2024 ஏப்ரல் 26 முதல், 30 நாளுக்குள் தீர்க்காத புகாருக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. திருத்திய விவரத்தை வங்கி 21 நாளுக்குள் அனுப்பாவிட்டால் வங்கி தர வேண்டும். அனுப்பியும் சிபில் ஏற்றாவிட்டால் சிபில் தர வேண்டும். 30 நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம். கட்டணம் கிடையாது. "ஸ்கோர் ஏத்தித் தர்றோம்" என்று காசு கேட்பவர்களுக்கு இதைத் தாண்டி ஒரு வழியும் தெரியாது.

'செட்டில்டு' என்று இருப்பதைத் தப்பு என்று புகார் போடாதீர்கள். ஒரு லட்சத்துக்கு எழுபதாயிரம் பேசி முடித்திருந்தால் அது உண்மைதான், புகார் நிற்காது. மீதியைக் கட்டி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லி வங்கியிடம் எழுத்தில் கேட்பது மட்டுமே வழி.