கட்சி இல்லையென்றால் ஆட்சி கவிழாதா?
பசிபிக் தீவு நாடான துவாலுவில் அரசியல் கட்சிகளே கிடையாது, அதனால் அங்கே ஆட்சி ஆட்டம் காணாது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. நடந்ததென்னவோ நேர்மாறு. கட்சி இல்லை என்றால் கொறடாவும் இல்லை, யாரும் எந்தப் பக்கமும் தாவலாம். 2010 செப்டம்பரில் 15 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் மாட்டியா டோஃபா 8-7 என்ற கணக்கில் பிரதமரானார். அவருடைய உள்துறை அமைச்சர் வில்லி டெலாவியே எதிரணிக்குப் போனார். டிசம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம், அதே 8-7. மூன்று மாதம்கூட முழுதாக ஓடவில்லை. பிறகு பிரதமரான டெலாவிக்கும் அதே கதிதான், என்ன, அவர் வேறு வழி பார்த்தார்: ஓர் உறுப்பினர் இறந்து பெரும்பான்மை போனதும் சபையைக் கூட்டாமல் இழுத்தடித்தார். இறந்தவரின் தொகுதியான நுகுஃபெடாவில் நடந்த இடைத்தேர்தலில் எதிரணி வென்ற பிறகும் அதே இழுபறி. கடைசியில் 2013 ஆகஸ்ட் 1-ல் தலைமை ஆளுநரே அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதியான தலைமை ஆளுநர் வெறும் அலங்காரப் பதவி என்று கட்டுரை ஒரே வரியில் கடந்துபோவதும் இதனால்தான் இடிக்கிறது. கட்டுரையின் கருத்துப் பகுதியில் ஒருவர் 'ஒன்பது தீவு, ஒன்பது தொகுதி' என்று எழுதியிருக்கிறார். தொகுதி எட்டுதான், தலா இருவராக இப்போது 16 உறுப்பினர்கள். ஒன்பதாவது தீவான நியுலகிடாவில் குடியேறியவர்கள் நியுடாவ் தீவுக்காரர்கள் என்பதால் அது நியுடாவ் தொகுதியோடு சேர்ந்தது. துவாலு என்ற பெயருக்கே 'எட்டும் சேர்ந்து நிற்பது' என்றுதான் பொருள்.