மரவள்ளிக்கிழங்கு: பாதி உண்மை, பாதி பயம்

“மரவள்ளிக்கிழங்கில் சயனைடு இருக்கு, எப்படி அவித்தாலும் போகாது, சாப்பிடாதீர்கள்.” மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தியின் முற்பாதி சரி, பிற்பாதி தவறு.

கிழங்கில் லினமரின் என்ற பொருள் உண்டு. வெட்டும்போது கிழங்கின் சொந்த நொதியே அதை உடைத்து ஹைட்ரஜன் சயனைடு ஆக்குகிறது. அது தண்ணீரில் கரையும். கொதிநிலையோ வெறும் 26 டிகிரி செல்சியஸ்தான். அதனால் திறந்த சட்டியில் ஆவியாகிப் போய்விடும்.

தடித்த உள்தோலையும் சேர்த்து உரியுங்கள், நஞ்சு அங்கேதான் அதிகம். சிறு துண்டுகளாக்கிக் கழுவி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டு, மூடாமல் அரை மணி நேரம் அவியுங்கள். கொதிக்கும் நீரில் நேராகப் போட்டால் நொதி சீக்கிரம் செயலிழந்து, லினமரின் உடையாமல் தங்கிவிடும். அவித்த தண்ணீரைக் கண்டிப்பாகக் கொட்டுங்கள்.

பிங்கா ஊபி என்ற மரவள்ளிக்கிழங்குப் பலகாரத்துக்குத் துருவினால் சாற்றைப் பிழிந்து ஊற்றிவிட்டு, அடியில் படியும் மாவை மட்டும் திரும்பச் சேர்த்து, நடுப்பகுதியும் வேகும்வரை சுடுங்கள்.

கசக்கும் கிழங்கை மட்டும் தயங்காமல் எறியுங்கள். நன்றாக அவிந்ததைத் தேங்காய்த்துருவலோடும் நெத்திலிச் சம்பலோடும் தாராளமாகச் சாப்பிடலாம்.