கண்காணிக்கிறவர்களுக்குக் கெடு வைப்பது யார்?

பல்கலைக்கழகங்களை அரசு கண்காணிக்க வேண்டுமா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். நம் வரிப்பணம் போகிற இடம், கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கண்காணிப்புக்கு ஒரு செலவு இருக்கிறது, அதைக் கண்காணிக்கிறவர்கள் யாரும் கட்டுவதில்லை, கடைசியில் அது வந்து விழுவது நம்ம ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலும் கீழக்கரையிலும் பாம்பனிலும் இருக்கிற பிள்ளைகள் தலையில். இதைப் பற்றி ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று இருந்தேன். நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: தொண்டியில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் திருத்தம் இதெல்லாம் போக, கல்லூரி முடித்த பிள்ளைகளின் வேலை நிறைய வரும். பட்டச் சான்றிதழுக்கு விண்ணப்பம், உண்மைத்தன்மைச் சான்று, மதிப்பெண் பட்டியலில் பெயர்ப் பிழை. நம்ம கடற்கரையில் இந்தச் சான்றிதழ்களுக்கு இருக்கிற அவசரம் உள்நாட்டில் இருக்கிறவர்களுக்கு அவ்வளவாகப் புரியாது. இங்கே பாதி வீட்டில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருப்பார். அங்கே ஒரு வேலை வந்தால் பட்டச் சான்றிதழை அட்டஸ்டேஷன் (அரசு முத்திரையோடு சான்றொப்பம்) பண்ணி அனுப்பச் சொல்வார்கள், புரொவிஷனல் என்கிற தற்காலிகச் சான்றிதழை வைத்துப் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. பட்டச் சான்றிதழ் வர வேண்டும் என்றால் பட்டமளிப்பு விழா முடிய வேண்டும். விழா நடக்க வேந்தரான ஆளுநர் தேதி கொடுக்க வேண்டும், கையெழுத்துப் போடத் துணைவேந்தரோ அவர் இடத்தில் ஒருவரோ இருக்க வேண்டும். இப்படி ஒன்றுக்குள் ஒன்றாகக் கோர்த்து வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, அப்பா நாட்டுப்படகில் போகிறவர், வீட்டில் முதல் பட்டதாரி. வேலை உறுதியாகி, கம்பெனிக்காரன் சான்றிதழ் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொண்டான். "அண்ணே, நான் பரீட்சைய ஒழுங்காத்தானே எழுதுனேன், எல்லாத்துலயும் பாஸ்தானே?" என்று என்னிடம் கேட்டது. என்னத்தைச் சொல்வது? எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதப் போவதில்லை, ஒரு பல்கலைக்கழகத்தின் குறை என்றே நான் இதை நினைக்கவில்லை. 2023 ஜூனில் அப்போதைய உயர்கல்வித்துறை அமைச்சர் பொன்முடியே சொன்னார், பட்டமளிப்பு விழா நடக்காததால் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பட்டம் வாங்க முடியாமல் இருக்கிறார்கள் என்று. ஆளுநர் தேதி தரவில்லை என்பது அமைச்சர் தரப்பு. ஆளுநர் மாளிகை அதை ஒத்துக்கொள்ளவில்லை. யார் சொன்னது சரி என்று நாள் கணக்கில் டிவியில் விவாதம் ஓடியது. அந்த 9 லட்சம் பேரில் எத்தனை பேருக்கு வேலை கைநழுவிப் போனது என்று எந்தச் சேனலிலும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சண்டை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதை வெறும் கட்சிச் சண்டை என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள். பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர்தான் வேந்தர், உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். துணைவேந்தரைத் தேடுவதற்கு மூன்று பேர் கொண்ட தேடல் குழு போடுவார்கள். அதில் யுஜிசி (டெல்லியில் இருக்கிற பல்கலைக்கழக மானியக் குழு) சார்பில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றார் அன்றைய ஆளுநர் ஆர்.என்.ரவி. எங்கள் சட்டத்தில் அப்படி இல்லை என்றது மாநில அரசு. குழு அமைவது அப்படியே நின்றது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022-ல் துணைவேந்தர் பதவி காலியானது. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் காலியானது. மதுரை காமராசரிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் 2024-ல் நாற்காலி காலியானது.

நியமன அதிகாரத்தை அரசே எடுத்துக்கொள்ள மசோதாக்கள் போட்டது. 2023 நவம்பரில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், அதே மாதம் சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடியும் நிறைவேற்றினார்கள், அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தது நம்ம ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கும், அதற்கு இரண்டே நாள் கழித்து ஏப்ரல் 8-ல், அந்த 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சரி, முடிந்தது என்று பார்த்தால் மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனம் பற்றிய திருத்தங்களுக்குத் தடை போட்டது. அப்புறம் நவம்பர் 20-ல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குக் கருத்துச் சொன்ன ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கருதும் முறையும் செல்லாது என்று சொல்லிவிட்டது.

காலக்கெடு விதிக்க முடியாது. அந்த ஒரு வரியில்தான் எனக்கு மனசு நின்றுவிட்டது. அரசமைப்புச் சட்டத்தில் அதற்கு ஆயிரம் நியாயம் இருக்கலாம், நான் வக்கீல் இல்லை. ஆனால் மாணவனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி உண்டு, தவறினால் அபராதம் உண்டு, அதையும் தவறவிட்டால் அடுத்த செமஸ்டர்தான். கல்லூரிக்கு இணைப்புக் கட்டணம் கட்டத் தேதி உண்டு. பல்கலைக்கழகத்துக்கு, தரத்தை மதிப்பிடுகிற நாக் குழுவுக்கு அறிக்கை தரத் தேதி உண்டு. மேலே போகப் போகத் தேதியே இல்லாமல் போகிறது.

துணைவேந்தர் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்றால், ஒருங்கிணைப்புக் குழு ஒன்று நடத்துகிறது. பல இடங்களில் அதற்குத் தலைமை உயர்கல்வித்துறைச் செயலர். சாதாரண காலத்திலேயே அவர் பல பல்கலைக்கழகங்களின் சிண்டிகேட் என்கிற ஆட்சிக்குழுவில் உறுப்பினர், மாநிலம் முழுக்க இருக்கிற கல்லூரிகளின் கோப்புகள் அவர் மேசைக்குத்தான் போகின்றன. இதற்கு மேல் நாலு பல்கலைக்கழகங்களின் அன்றாட வேலையும் அவருக்கே என்றால், அவர் எவ்வளவு நல்ல அதிகாரியாக இருந்தாலும் ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தானே. இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது: பல்கலைக்கழகம் கேட்கிற அனுமதியில் ஒரு பக்கம் கையெழுத்துப் போடுகிறவரும், அந்த அனுமதியைக் கொடுக்கிறவரும் ஒரே ஆளாகிவிடுகிறார். அப்புறம் யார் யாரைக் கண்காணிப்பது?

பணத்தின் கதை இதைவிட மோசம். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது, 400 கோடி ரூபாய்க்கு மேல் வரி பாக்கி என்று. காரணத்தைப் படித்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். பல்கலைக்கழகத்தின் வரவில் அரசு கொடுக்கிற பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டதாம், அதனால் அரசுப் பணத்தில் பெருமளவு நடக்கிற நிறுவனத்துக்கு உண்டான வரி விலக்கு கிடையாது என்பது அவர்கள் வாதம். அதாவது பணத்தில் அரசின் பங்கு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது, ஆனால் சிண்டிகேட்டில் அரசு அதிகாரிகளின் நாற்காலி ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு பணியிடம் உருவாக்க, நிரப்ப, ஓய்வு பெற்றவருக்குப் பணப்பலன் கொடுக்க, எல்லாவற்றுக்கும் கோட்டை வரை கோப்பு போய் வர வேண்டும். தணிக்கை ஆட்சேபணை ஒன்று விழுந்துவிட்டால் அது தீருகிற வரைக்கும் ஓய்வூதியப் பலன் நிற்கும். ஆட்சேபணை தப்பு என்று நான் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய ஆட்சேபணையை யார் எத்தனை நாளில் தீர்க்க வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

பணியிடங்களை நிரப்பாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதை நம்ம பிள்ளைகள் தினமும் வகுப்பில் பார்க்கிறார்கள். திருவாடானை, முதுகுளத்தூர், கடலாடி, ராமேஸ்வரம் என்று இன்றைக்குப் பக்கத்திலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது, அந்த வகையில் அரசைப் பாராட்டத்தான் வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வருவதால் மட்டும் படிப்பை விடாமல் இருக்கிற பெண் பிள்ளைகளை எனக்கே தெரியும். ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள், அதாவது நிரந்தரம் இல்லாத தொகுப்பூதியக்காரர்கள். மாசம் 25,000 ரூபாய், வருடத்தில் 11 மாசம். முனைவர் பட்டம் வாங்கியவர்கள், விரிவுரையாளருக்கான நெட் தகுதித் தேர்வு தேறியவர்கள். மே மாசம் சம்பளம் கிடையாது. இவர்களை எத்தனை வருடம் இப்படி வைத்திருக்கலாம் என்று எந்தக் கண்காணிப்பு அமைப்பும் கேட்பதில்லையே!

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழகங்களை அவர்கள் போக்கில் விட்டால் தேனும் பாலும் ஓடும் என்று நான் நம்பவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்து, சம்பளம் கொடுக்க முடியாமல் திண்டாடி, 2013-ல் அரசு தனிச் சட்டம் போட்டு எடுக்க வேண்டி வந்தது. உபரியாக இருந்தவர்களை ஊர் ஊராக அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரை லஞ்ச ஒழிப்புத்துறை கைது செய்தது, உதவிப் பேராசிரியர் பணிக்குப் பணம் வாங்கினார் என்று. அதே வருடம் அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித், துணைவேந்தர் பதவிகள் கோடிக்கணக்கில் விலை போயின என்று மேடையிலேயே சொன்னார். இதையெல்லாம் காட்டித்தான் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். இதெல்லாம் நடந்தபோது செனட் என்கிற பேரவை, சிண்டிகேட், செயலர், தணிக்கை, வேந்தர் என்று அத்தனையும் இருந்தன. லஞ்சத்தைப் பிடித்தது முன் அனுமதிக் கோப்பு இல்லை, புகாரைக் கேட்டு வந்த போலீஸ். பத்துக் கையெழுத்து வேண்டும் என்று வைத்தால் திருடுகிறவனுக்கு அது தடையாக இருப்பதில்லை, அவன் பத்து இடத்திலும் ஆளைப் பிடித்துவிடுவான். ஒழுங்காக ஒரு ஆய்வகம் கட்ட நினைக்கிற துறைத் தலைவர்தான் மூன்றாவது கையெழுத்திலேயே சோர்ந்து போகிறார்.

தொண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை இங்கேதான் இருக்கிறது, வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது. வாசலில் பாக் விரிகுடா. கடற்பசுக்களுக்காக 2022-ல் அரசு அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் நமக்கு வடக்கே தொட்டடுத்தாற்போல. தெற்கே போனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள். கடல்புல், பவளம், நண்டு, கடல்பாசி எடுக்கிற நம்ம பெண்கள், இறால் பண்ணை, உப்பேறுகிற கிணறு என்று இவ்வளவு விஷயம் படிப்பதற்கு வேறு எங்கே கிடைக்கும்? 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்தில் தலைமையகம் வைத்தார்கள் என்றால் சும்மா இல்லை. அந்தத் தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனது வேறு கதை, அது இப்போது வேண்டாம்.

இப்படி ஒரு கரையில் இருக்கிற விலங்கியல் மாணவனுக்கும் சேலத்தில் இருக்கிற விலங்கியல் மாணவனுக்கும் ஒரே பாடத்திட்டம் என்று 2023-ல் மாநில உயர்கல்வி மன்றம் பொதுப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சிரமம் இருக்காது என்று காரணம் சொன்னார்கள், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. ஆளுநர் தன் பங்குக்கு, இது கட்டாயம் இல்லை என்று துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதினார். நடுவில் நிற்கிற பாடத்திட்டக் குழு எதைக் கேட்பது? எங்கள் கரைக்கு என்ன பாடம் வேண்டும் என்று கேட்க எங்கள் ஊருக்கு யாரும் வரவில்லை, இரண்டு தரப்பிலிருந்தும்.

சுதந்திரம் கொடுத்தபோதும் எப்படிக் கொடுத்தார்கள் பாருங்கள். நாக் அமைப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய அழகப்பாவை 2018-ல் யுஜிசி முதல் வகைப் பல்கலைக்கழகமாக அறிவித்தது. புதிய படிப்பு, புதிய துறை தொடங்க ஒவ்வொரு முறையும் டெல்லியைக் கேட்க வேண்டாம். நல்ல விஷயம்தான், ஆனால் அரசிடம் அதற்குப் பணம் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படியானால் சுயநிதிப் படிப்பாகத்தான் தொடங்க முடியும், கட்டணம் ஏறும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் படகு கரையில் நிற்கும், அது முடிகிற ஜூனில்தான் கல்லூரி அட்மிஷன். கையில் காசே இல்லாத மாசத்தில் சுயநிதிக் கட்டணத்தை எந்த வீடு கட்டும்?

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நம்ம விசைப்படகு மீன்வளத்துறை டோக்கன் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது, அதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை, ஏனென்றால் போகிற அன்றைக்கே டோக்கன் கையில் கிடைத்துவிடும். டோக்கனை ஒரு வருடம் கழித்துத் தருகிறேன் என்றால் படகு வைத்திருந்து என்ன பயன்? பல்கலைக்கழகக் கோப்புக்கும் அதுதான். இத்தனை நாளைக்குள் பதில், இல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று மாநில அரசு தன் துறைச் செயலகத்துக்காவது ஒரு கெடு வைத்துக்கொள்ளட்டும். அதற்கு எந்த நீதிமன்றமும் தடை சொல்லவில்லை, ஆளுநர் கையெழுத்தும் வேண்டாம். துணைவேந்தர் ஓய்வு பெறுவதற்கு ஆறு மாசம் முன்பே தேடல் குழு உட்கார வேண்டும். செலவு முடிந்த பிறகு எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் தணிக்கை செய்யுங்கள், தப்புப் பண்ணினால் உள்ளே போடுங்கள். வேலை தொடங்கும் முன்னே பத்துப் பேர் வாசலில் நிற்பதை மட்டும் குறையுங்கள்.

வேந்தர் ஆளுநரா முதலமைச்சரா என்பதில் என் நிலையைக் கேட்டால், ஆளுநருக்கு இந்த வேலை வேண்டாம் என்று மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த புஞ்சி கமிஷன் 2010-லேயே சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் அந்த நாற்காலியில் ஆள் மாறிவிட்டால் மட்டும் தொண்டிப் பிள்ளைக்குச் சான்றிதழ் சீக்கிரம் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான் மனு எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் இவ்வளவுதான். கடந்த ஐந்து ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களிலிருந்து உயர்கல்வித்துறைக்கு அனுமதி கேட்டு வந்த கோப்புகள் எத்தனை, ஒவ்வொன்றும் வந்த தேதி என்ன, பதில் போன தேதி என்ன, இன்னும் பதில் போகாதவை எவை. ராமநாதபுரம் மாவட்டத்தில் பட்டம் முடித்துப் பட்டச் சான்றிதழ் வராமல் இருப்பவர்கள் எத்தனை பேர். தேடல் குழுக்களுக்காக நடந்த வழக்குகளுக்கு இரண்டு தரப்பும் வக்கீல் கட்டணமாகக் கொடுத்த அரசுப் பணம் எவ்வளவு. ஒருவர் போட்டால் ஒரு பதில் வரும், ஐம்பது பேர் போட்டால் கொஞ்சம் கவனிப்பார்கள். கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் ஆட்கள் உங்கள் பெயரிலேயே போடுங்கள், மனுவின் நகல் இன்பாக்ஸில் கேட்டால் அனுப்புகிறேன். தொண்டியில் இருக்கிறவர்கள் கடைக்கே வந்துவிடுங்கள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், டைப் பண்ணுவதற்குக் காசு வாங்க மாட்டேன்.