நாலரை மணிக்குக் கதவு திறந்திருக்கணும்

சொந்தமா தொழில் ஆரம்பிக்கப் போறேன்னு வர்ற தம்பி தங்கச்சிங்க என்கிட்ட முதல்ல கேட்கிறது, "அக்கா, முதல் எவ்வளவு போடணும்?" அடுத்தது, "மாசம் கையில எவ்வளவு நிக்கும்?" ஒருநாள் விடாம ஒரே மாதிரி நடத்த முடியுமான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. நான் பார்த்த வரைக்கும் சின்னக் கடைங்க விழுறது அந்த இடத்துலதான். மனசுல கிடக்குது, எழுதிடறேன்.

கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பக்கம் வீட்டு முன்னறையில 2014-ல இட்லி மாவுக் கடை போட்டேன். சாய்ச்சு மாவு எடுக்கிற டில்டிங் கிரைண்டர் ரெண்டு, நான், கூட ரெண்டு அக்காங்க. தினம் 40 கிலோ மாவு. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்குது. அந்த ஊர்ல மாவு ஆட்டி விக்கிறது ஒரு பெரிய விஷயமான்னு சொந்தக்காரங்களே கேட்டிருக்காங்க. ஆட்டறது பெரிய விஷயம் இல்லைதான். நேத்து குடுத்த மாவையே இன்னைக்கும் குடுக்கிறது பெரிய விஷயம்.

மாவு உயிருள்ள பொருள். அதைப் பொங்க வைக்கிற நுண்ணுயிருக்குச் சூடு வேணும். சித்திரையில காலையில ஆட்டி வெச்சா மூணு மணிக்கே புளிச்சு வழியும். அதனால மதியத்துக்கு மேல, ஐஸ் தண்ணி விட்டு ஆட்டறோம். மார்கழியில அதே மாவு சாயங்காலம் வரைக்கும் அசையாம கிடக்கும். அப்ப முந்தின நாள் ராத்திரியே ஆட்டி, உப்புப் போட்டுக் கையால கலக்கி, அண்டாவைச் சாக்குல சுத்தி வைக்கணும். புது உளுந்து ஒரு மாதிரி தண்ணி இழுக்கும், பழைய உளுந்து வேற மாதிரி. கோடையில நல்ல தண்ணி வராம உப்புத் தண்ணியில ஆட்டினா மாவோட ருசியே மாறிப்போகும். அதுக்குன்னே ரெண்டு டிரம் நல்ல தண்ணி எப்பவும் பிடிச்சு வெச்சிருப்போம். கல்லு வழுவழுன்னு தேஞ்சா உளுந்து பொங்காம சூடாகும், ஆளைக் கூப்பிட்டுக் கொத்த வைக்கணும். வாங்கறவங்க வீட்டுல இட்லி மாறாம இருக்கணும்னா, இங்க நாங்க மாசத்துக்கு மாசம் மாறிக்கிட்டே இருக்கணும். தொழில்ல நிலையா இருக்கிறதுன்னா செக்குமாடு மாதிரி சுத்தறதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. எனக்கு அது சரியாப் படலை.

ஆரம்பத்துல நானும் தப்பு பண்ணியிருக்கேன். 2015-16ல பருப்பு விலை ஏறினது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். உளுந்தும் கூடவே ஏறிச்சு. நாங்க போடறது நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து, ஒரு கை வெந்தயம். கணக்குப் போட்டுப் பார்த்துட்டு உளுந்துல கால் படி குறைச்சேன். விலையை ஏத்த பயம். அளவைக் குறைச்சா யாருக்குத் தெரியப்போகுதுன்னு ஒரு நினைப்பு. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கலை. மூணு வாரம் கழிச்சுப் பார்த்தா ராத்திரி எட்டு மணிக்கு அண்டாவுல பத்து கிலோ மிச்சம். பக்கத்துத் தெரு ஆத்தா ஒருத்தங்கதான் வாசல்ல உட்கார்ந்து சொன்னாங்க: "கண்ணு, வெலைய ரெண்டு ரூவா ஏத்திக்க. இட்லிய மட்டும் கல்லாக்கிராத."

அடுத்த நாளே பழைய அளவுக்கு வந்தேன். விலையை ஏத்தி, ஏன் ஏத்தறேன்னு பலகையில எழுதி வெச்சேன். போனவங்க திரும்பி வர நாலு மாசம் ஆச்சு, சிலர் வரவே இல்லை. குறை சொல்றவங்களை நான் இப்ப கும்பிடுவேன். பேசாம போறவங்களுக்கு நாம பதிலே சொல்ல முடியாது.

இன்னொண்ணும் சொல்லணும். முதல் ரெண்டு வருஷம் நினைச்சப்ப லீவு விடுவேன். அசதியா இருந்தா, விருந்தாளி வந்தா, "இன்று மாவு இல்லை"ன்னு அட்டையை மாட்டிருவேன். என் கடை, என் இஷ்டம்தானே? ஒருநாள் அப்படிப் பூட்டிட்டு மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். மில்லுல ஷிப்ட் முடிச்சு ஒரு அக்கா வந்தாங்க, கையில மாவு வாங்கிட்டுப் போற தூக்குப்போசி. அட்டையைப் படிச்சாங்க. உடனே போகலை. தூக்குப்போசியோட மூடியைத் திறந்து உள்ள ஒரு தடவை பார்த்துட்டு மூடினாங்க. அப்புறம் திண்டுல ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழுந்து போனாங்க. அவங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க. காலையில ஆறு மணிக்கு அவங்க மறுபடியும் மில்லுக்குப் போகணும். என்னை நம்பித்தான் அவங்க அரிசி ஊறப் போடறதையே விட்டிருந்தாங்க. கீழே இறங்கி வந்து கூப்பிட எனக்கு முகம் இல்லை.

அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு. மத்த ஆறு நாளும் சாயங்காலம் நாலரைக்குக் கதவு திறந்தாகணும். எனக்குக் காய்ச்சல் வந்தா கூட இருக்கிற அக்கா திறப்பாங்க. அதுக்காகவே அளவு அத்தனையையும் சுவத்துல எழுதி வெச்சிருக்கேன், என் கைப்பக்குவத்தை நம்பிக் கடை நிக்கக்கூடாதுன்னு. அவங்க சம்பளம் ஒண்ணாம் தேதி, மளிகைக்காரருக்குச் சனிக்கிழமை. நான் எடுத்துக்கிற சம்பளமும் மாசம் ஒரே தொகைதான். கல்லாவுல இருந்து அம்பது, நூறுன்னு உருவறதை நிறுத்தின பிறகுதான் கடை சம்பாதிக்குதா இல்லையான்னே எனக்குத் தெரிஞ்சது. கல்யாணத்துக்கு 100 கிலோ ஒரே நாள்ல வேணும்னு வருவாங்க. கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிருவேன். அந்த ஒரு நாளுக்காக என் தெரு ஆளுங்க வெறுங்கையோட போகக்கூடாது. 2020-ல ஊரடங்கு வந்து டீக்கடை, ஹாஸ்டல் ஆர்டர் மொத்தமும் நின்னப்ப, எங்களைத் தாங்கினது அந்தத் தெருதான்.

போன்ல வர்ற வீடியோவுல எல்லாம் வெறியோட உழைக்கணும், தூக்கம் பார்க்கக்கூடாது, லீவே கூடாதுன்னு கத்தறாங்க. அதைப் பார்த்துட்டு ஆரம்பிச்ச ரெண்டு பிள்ளைங்க எட்டு மாசத்துல உடம்பைக் கெடுத்துக்கிட்டுக் கடையை மூடினதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். மனசு வேகுது. அவங்ககிட்ட உழைப்புக்குக் குறையே இல்லை. முதல் மாசம் 18 மணி நேரம், ஆறாவது மாசம் திறந்தா உண்டு இல்லாட்டி இல்லை. ஓய்வைக் கிழமை வெச்சு எடுங்க, முன்கூட்டியே சொல்லுங்க. எந்த வாடிக்கையாளரும் அதுக்குக் கோபப்பட மாட்டாங்க.

அடுத்த வாரம் தங்கச்சி வீட்டுல சீர். வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் கடை இல்லைன்னு பத்து நாளுக்கு முன்னாடியே பலகை மாட்டிட்டேன். நேத்து அந்த மில்லு அக்கா வந்தாங்க. இப்ப அவங்க பொண்ணு காலேஜ் போகுது. பலகையை நின்னு படிச்சுட்டு, தூக்குப்போசியை நீட்டிக்கிட்டே, "அப்ப புதன்கிழமை ரெண்டு கிலோ சேத்தி எடுத்து வெச்சிருங்க. ஃபிரிட்ஜுல போட்டுக்கறேன். நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க"ன்னாங்க.